வந்த விருந்தாளியைக் கொல்லும் வீடுகள்

ஐப்பசி மாதத்தின் நடுப்பகுதியில் ஒரு நாள். முதல்நாள் இரவு பத்திரிகை அச்சுக்குப் போவதற்குத் தாமதமானதால் நான் வீடு வந்து படுக்கும்போது நள்ளிரவைத் தாண்டி ஒன்றரை மணி. காலை ஆறரை மணியிருக்கும், குசினிப் பக்கமிருந்து மனைவியின் குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ, ஒருக்கா எழும்பி வந்து பாருங்கோ."

பின்கதவுப் படியில் கால் துடைக்கும் சாக்கின் மேல் அந்தப் பறவை கிடந்தது. பச்சை முதுகு, சிறகில் ஒரு கீற்று நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஊடறுத்துச் செல்லும் கறுப்புப் பட்டி. ஆறுமணிக் குருவி. உடலில் சூடு இன்னும் முற்றாகப் போயிருக்கவில்லை. இரண்டு அடி தள்ளி எங்கள் வீட்டுப் பூனை சின்னி, எதுவுமே நடவாதது போல முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருப்பதாகவே அவள் எண்ணியிருக்க வேண்டும்.

அன்றைய பத்திரிகை வாசல் படலையில் செருகப்பட்டிருந்தது. அதன் நான்காம் பக்கத்தில் ஆசிரியர் தலையங்கம். எழுதியவன் நான். விடயம்: மன்னாரின் காற்றாலைகளும் இடம்பெயர்ந்து வரும் பறவைகளுக்கு அவற்றால் நேரக்கூடிய ஆபத்தும். "தூரதேசத்திலிருந்து நம்பி வரும் விருந்தாளிகளைக் காப்பது எமது கடமை" என்று அதன் இறுதிப் பந்தியில் எழுதியிருந்தேன். அரசாங்கத்துக்கும் முதலீட்டாளருக்கும் அறிவுரை சொல்லிய அதே காலையில், எனது வீட்டுப் படியிலேயே ஒரு விருந்தாளி கொல்லப்பட்டுக் கிடந்தது.

இதை ஒரு தற்செயலான துக்க நிகழ்வு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை. இந்த நாட்டில் பறவைகளை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் எம்மில் பலர், வீட்டுப் பிராணிகளின் விடயத்தில் காட்டும் கண்மூடித்தனம் பற்றிப் பேசவே இதனை எழுதுகின்றேன். கோபப்படுபவர்கள் தாராளமாகக் கோபப்படட்டும். முதற் குற்றவாளியாக நானே கூண்டில் ஏறி நிற்கின்றேன்.

அந்தப் பறவை யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஆறுமணிக் குருவியின் பிறந்தகம் இமயமலையின் அடிவாரக் காடுகளும் வட, மத்திய இந்தியாவும். அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்குமுன் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகின்றது. பயணம் செய்வது இரவில். எடை ஐம்பது, அறுபது கிராம் அளவுதான். ஒரு கோழிமுட்டையின் எடை. அந்த உடலோடு துணைக்கண்டத்தின் நெடுந்தூரத்தைக் கடந்து, கடலையும் கடந்து வந்து சேர்கின்றபோது அதனிடம் மிச்சமாகத் தெம்பு எதுவுமிருப்பதில்லை. செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் களைத்துப் போன ஆறுமணிக் குருவிகள் வீட்டு விறாந்தைகளிலும் மாடிக் கட்டடங்களின் கண்ணாடிகளின் கீழும் கிடப்பதைக் கொழும்பில் வசிப்பவர்கள் பலர் கண்டிருப்பர். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுப்பதால் தமிழில் இந்தப் பெயர். சிங்களத்தில் அதன் கூவலையே பெயராக்கி 'அவிச்சியா' என்கின்றார்கள்.

இன்னொன்று: அது தரைப்பறவை. சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தேடித் தத்தித் தத்தித் திரிவது. அது இரை தேடும் நேரமும், எங்கள் பூனைகள் கதவு திறந்து வெளியே விடப்படும் நேரமும் ஒன்றேதான். அதிகாலையும் அந்திப் பொழுதும். ஒரு பூனைக்கு இதைவிட இலகுவான இரை அமையுமா?

இலங்கை, மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடி. இதற்கப்பால் தெற்கே பெருங்கடலைத் தவிர நிலம் என்று சொல்ல எதுவுமில்லை. வடக்கே சைபீரியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் ஆர்க்டிக் கரையோரங்களிலிருந்தும் புறப்பட்டு வரும் பறவைகளுக்கு இது கடைசித் தரிப்பிடம். 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் உடலில் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்தி விட்டார்கள். அது ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள யமால் குடாநாடு வரை சென்று மீண்டும் மன்னாருக்கே திரும்பி வந்தது. கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல், வழிகேட்க ஆளில்லாமல், ஒரு பறவை செய்த பயணம் அது.

மாரி தொடங்கியதும் வன்காலைச் சரணாலயத்திலும் மண்டைதீவுப் பக்கக் கடனீரேரியிலும் நாவற்குழி வெளியிலும் சுண்டிக்குளத்திலும் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் மூக்கன்களும் உள்ளான்களும் வந்து நிறைகின்றன. வன்காலை 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு 2010 இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. யுத்தம் முடிந்த பின்னர் வார இறுதிகளில் தெற்கிலிருந்து வரும் வாகனங்களை மன்னார்ப் பாலத்தின் ஓரம் நெடுகக் காணலாம். தொலைநோக்கியும் நீண்ட வில்லைக் கமராவுமாக ஆண்களும் பெண்களும் இறங்கி நிற்பார்கள். நானும் ஆண்டுதோறும் தைப்பொங்கல் விடுமுறையில் அங்கே போய் நிற்பவன்தான். பனங்கிழங்கு அவியும் அந்த மாதத்தில், நாரையின் மூக்கிலே பனங்கிழங்கைக் கண்ட சத்திமுத்தப் புலவரை நினையாமல் அந்த வெளியில் என்னால் நிற்க முடிந்ததில்லை.

இந்தக் கூட்டத்தினரில் எத்தனை பேரின் வீட்டில் பூனைகள் இரவில் வெளியே திரிகின்றன என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அது பூனையின் இயற்கை அல்லவா?" என்றார். மூன்றாமவர் காற்றாலைகளைச் சுட்டிக்காட்டினார். நாலாவது நண்பர், பறவைகள் பற்றி நூலொன்றே எழுதக்கூடிய அளவு அறிவுடையவர், பேச்சையே மாற்றிவிட்டார்.

நான் பிராணிகளை வெறுப்பவன் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எங்கள் யாழ்ப்பாணத்து வளவில் வீரன் என்றொரு நாய் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பிச் செம்மணி வெளியால் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அம்மா அதன் சங்கிலியைக் கழற்றிவிட்டு, பெரிய சட்டி நிறையச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வந்தார். படலை வரையில் வந்த அது, அதற்கப்பால் வரவில்லை. வளவைக் காப்பது தன் வேலை என்று நினைத்ததோ என்னவோ. மறுவருடம் நாங்கள் திரும்பிப் போனபோது சட்டி மட்டுமே இருந்தது. அம்மா தனது இறுதிக்காலம் வரை வேறொரு நாயை வளர்க்கச் சம்மதிக்கவில்லை. வீட்டுப் பிராணி என்பது என்னவென்று எனக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அந்த இரவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க முடியாத நெரிசல். விடியும்போது சாவகச்சேரிக்கு அப்பால் முன்பின் தெரியாத ஒரு வீட்டின் திண்ணையில் போய் விழுந்தோம். அந்த வீட்டுக்காரர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் யாரென்று அவர்களும் கேட்கவில்லை. முதலில் தேத்தண்ணீர் வந்தது. பிறகு பாய் வந்தது. ஆறு மாதம் அந்த வளவில் இருந்தோம். களைத்து விழுந்தவனுக்குத் திண்ணை எவ்வளவு பெரிய விடயம் என்பதை அன்று அறிந்தேன். அதே ஐப்பசியில், ஒரு பறவை களைத்து வந்து என் வளவுச் சருகில் இறங்கியபோது, அதற்கு நான் வைத்திருந்தது திறந்துவிடப்பட்ட ஒரு பூனை. அந்தப் பறவையைச் செவ்வரத்தையின் கீழ்ப் புதைத்தபோது எனக்கு நேர்ந்தது பச்சாத்தாபம் மட்டுமல்ல, வெட்கமும்தான்.

இனி நண்பர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 'இயற்கை' என்ற வாதம். இலங்கைக் காடுகளுக்கும் ஈரநிலங்களுக்கும் உரிய பூனையினங்கள் நான்கு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை. வீட்டுப்பூனை அந்தப் பட்டியலில் இல்லை. அதன் மூதாதை மத்திய கிழக்கின் காட்டுப்பூனை. சைப்பிரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகள் பழமையான மனிதப் புதைகுழியொன்றின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததைத் தொல்லியலாளர்கள் 2004 இல் அறிவித்தார்கள். அவ்வளவு காலமாக மனிதனோடு ஒட்டி, மனிதன் போன இடமெல்லாம் போன விலங்கு அது. காட்டிலே இரை குறைந்தால் வேட்டை விலங்கும் குறையும். அதுதான் இயற்கையின் கணக்கு. ரின்மீனும் நெத்தலிச் சோறும் பொதி உணவும் வேளாவேளைக்குக் கிடைக்கும் பூனைக்கு அந்தக் கணக்கு இல்லை. அது பசிக்காமலும் வேட்டையாடும். வளவிலே கடைசிக் குருவி தீர்ந்துபோனாலும் அதன் கோப்பை நிறைந்தே இருக்கும். ஒரு சதுர மைலுக்கு எத்தனை பூனைகள் என்பதைத் தீர்மானிப்பது எலியோ குருவியோ அல்ல, நாங்கள். எங்கள் சட்டியிலிருந்து தின்று எங்கள் கட்டிலில் தூங்கும் ஒரு விலங்கு வெளியே செய்யும் காரியத்துக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமா?

சந்தேகமுள்ளவர்கள் நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவின் கதையைப் படிக்கலாம். 1894 இல் அங்கே வெளிச்சவீடு இயங்கத் தொடங்கியது. காவலர் குடும்பங்களோடு பூனையும் போனது. அந்தத் தீவிலே பறக்க இயலாத ஒரு சின்னஞ்சிறு குருவியினம் இருந்தது. உலகத்துக்கு அது அறிமுகமானதே பூனை கவ்விக் கொண்டுவந்த உடல்களின் மூலமாகத்தான். ஒரேயொரு பூனை ஓரினத்தையே அழித்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பின்னைய ஆய்வுகள், தப்பியோடிப் பெருகிய பூனைகள் பலவும் சேர்ந்தே அதைச் செய்தன என்று திருத்தின. திருத்தத்தினால் குருவி திரும்பி வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

இரண்டாவது, 'காற்றாலையை விட்டுவிட்டுப் பூனையைப் பிடிப்பதா?' என்ற வாதம். மன்னாரில் முப்பது காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி 2020 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அதன் பின்னர் வந்த திட்டங்கள் குறித்து மன்னார் மக்களும் சூழலியலாளரும் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. நானும் எழுதியிருக்கின்றேன், இனியும் எழுதுவேன். ஆனால், மற்றவன் செய்யும் பெரிய பிழை எனது சிறிய பிழைக்கு மன்னிப்புச் சீட்டாகிவிடாது. தவிரவும், இது சிறிய பிழைதானா? அமெரிக்க ஆய்வாளர்கள் 2013 இல் 'நேச்சர் கொம்யூனிகேஷன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டொன்றுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரையிலான பறவைகளைக் கொல்கின்றன. அந்தக் கணக்கை இலங்கைக்கு அப்படியே பொருத்துவது நேர்மையாகாது. நாடு வேறு, வீடு வேறு, பூனைகளின் தொகையும் வேறு. எனினும் எந்த அளவிலான விடயம் பற்றிப் பேசுகின்றோம் என்பதை அது உணர்த்தும்.

அந்த ஆய்வின் இன்னொரு பகுதியை எமது பூனைப் பிரியர்கள் ஆவலோடு எடுத்துக்காட்டுவதுண்டு. கொல்லப்படும் பறவைகளில் பெரும்பகுதி உரிமையாளர் அற்ற பூனைகளால் கொல்லப்படுபவை என்பதே அது. உண்மைதான். ஆனால் உரிமையாளர் அற்ற பூனைகள் வானத்திலிருந்தா விழுகின்றன? கருத்தடை செய்விக்காத வீட்டுப்பூனை குட்டி போடுகின்றது. நாலு குட்டிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைக் கடதாசிப் பெட்டியில் போட்டு, இருட்டிய பின் சந்தையின் பின்புறத்திலோ கோயில் வீதியிலோ வாய்க்கால் கரையிலோ வைத்துவிட்டு வருகின்றோம். கொல்லவில்லை, ஆகவே பாவமில்லை என்று நினைப்பு. அவற்றில் அநேகம் பசியாலும் நோயாலும் வாகனச் சில்லாலும் சாகின்றன. தப்பிய ஒன்றிரண்டு பெருகுகின்றன. எங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள பெல்லன்வில - அத்திடிய ஈரநிலம் 1990 இல் சரணாலயமாக்கப்பட்டது. கொழும்பு நகரம் 2018 இல் உலகின் முதலாவது ராம்சர் ஈரநில நகரங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டபோது நாமெல்லோரும் பெருமை கொண்டோம். அந்தச் சரணாலயத்தின் விளிம்பில் காலைநடை போகின்றபோது பெட்டிக்குள்ளிருந்து குட்டிகள் கத்துவதை எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றேன். வைத்துவிட்டுப் போனவர் எவராயினும், அவர் தன்னைக் கருணையுள்ளவர் என்றே எண்ணியிருப்பார்.

மூன்றாவது வாதம், எலி. பூனை இல்லாவிட்டால் எலி பெருகிவிடும் என்பது. அரிசி மூட்டை அடுக்கிய பழைய காலத்துக் களஞ்சிய வீட்டில் இந்த வாதத்துக்கு வலு இருந்தது. இன்றைய நகரத்தின் பெரிய எலிகளைப் பூனைகள் எந்த அளவுக்குப் பிடிக்கின்றன? நியூயோர்க்கில் கழிவு மறுசுழற்சி நிலையமொன்றில் சில மாதங்கள் கமராக்கள் பொருத்திப் பார்த்த ஆய்வு 2018 இல் வெளியானது. பூனைகள் எலிகளைக் கொன்ற சந்தர்ப்பங்களை ஒரு கை விரல்களிலே எண்ணிவிடலாம். கடிக்கத் திருப்பி வரும் எலியைவிடத் தத்தித் திரியும் குருவி பூனைக்கு வசதி. எலியை ஒழிக்க வேண்டுமானால் குப்பையை மூட வேண்டும். அது நகரசபைக்கும் எங்களுக்கும் உரிய வேலை.

நான்காவது வாதமே உண்மையில் கனமானது. அதைச் சொன்னவர் என் மனைவி. "வெளியிலை திரிஞ்ச சீவனை அறைக்குள்ளை பூட்டி வைக்கிறது பாவமில்லையோ? நீங்கள் ஊரடங்குக்குள்ளை இருந்தனீங்கள்தானே?"

இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. ஊரடங்கு என்றால் என்னவென்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார்க்கையில், அடைத்து வைப்பதுதான் கொடுமை, வெளியே விடுவது கருணை என்ற பிரிவே பிழை என்று தோன்றியது. வெளியே விடப்படும் பூனைக்குக் காத்திருப்பவை எவை? காலி வீதியின் வாகனங்கள், தெருநாய்கள், பூனைக் காய்ச்சல், அயல்வீட்டுக்காரரின் எலிப்பாசாணம். சின்னிக்கு முன்பு எங்களிடமிருந்த இரண்டு பூனைகளும் வீதியில் அடிபட்டே இறந்தன. அதை அவற்றின் சுதந்திரத்தின் விலை என்று சொல்லி எங்களை நாங்கள் தேற்றிக்கொண்டோம். மேலும், முழுநாளும் பூட்டி வைக்கும்படி நான் கேட்கவில்லை. செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை, மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணிவரை பூனை வீட்டுக்குள் இருக்கட்டும் என்பதே எனது கோரிக்கை.

அதற்குள்ளும் அதைச் சந்தோஷமாக வைத்திருக்க வழி உண்டு. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட முடிவு இது: இறைச்சிச் சத்து மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 வீதத்தால் குறைந்தது. நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் வீட்டார் அதனோடு விளையாடியபோது 25 வீதத்தால் குறைந்தது. கழுத்தில் பளிச்சென்ற வர்ணத் துணிப்பட்டி கட்டியபோது பிடிபட்ட பறவைகள் 42 வீதத்தால் குறைந்தன. நாமெல்லோரும் பெரிதாக நம்பும் மணிக்கு மட்டும் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. ஆகவே மணி கட்டிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று யாரும் தூங்கப்போக வேண்டாம். பழைய கதையில் எலிகள் மணி கட்டப் பயந்தன. கட்டியிருந்தாலும் பெரிய பலன் இருந்திராது போலும்!

பூனைகளை மட்டும் திட்டிவிட்டு நாய் வளர்ப்போரை விட்டுவிடுவது நீதியல்ல. மன்னார்த் தீவின் கரையோர வெளிகளில், வெறும் மணலிலும் உப்புத் தரையிலும் கூடு என்று சொல்ல எதுவுமின்றி முட்டையிடும் ஒரு சிறு பறவை உண்டு. நெடுங்காலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உபஇனமாக எண்ணப்பட்டு வந்த அதனை, 2023 இல் தனியினம் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இராமர் அணைப் பக்கம் வாழ்வதால் அந்தப் பெயர். உலகில் அது இனம்பெருக்குவது தென்னிந்தியாவிலும் எமது நாட்டிலும் மட்டுமே. கோழிக்குஞ்சு அளவே உள்ள அந்தப் பறவையின் முட்டையும் குஞ்சும் மணல் நிறத்தில் மணலோடு கிடக்கும். மனிதக் கண்ணுக்குத் தப்பும். நாயின் மூக்குக்குத் தப்பாது. கட்டவிழ்த்து விடப்பட்ட ஒரு நாய் ஒரே மாலையில் ஒரு வெளியையே துப்புரவாக்கிவிடும்.

நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை 2006 இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதை நான் முற்றாக ஆதரிக்கின்றேன். விசர்நாய்க்கடிக்குப் பயந்து தெருநாய்களை மாநகரசபை வண்டியில் அள்ளிக்கொண்டுபோய்க் கொன்ற காலம் திரும்பி வரக்கூடாது. ஆனால் கொல்லாமை என்பது பொறுப்பின்மைக்கு மறுபெயர் அல்ல. கொல்லாதிருக்க வேண்டுமானால் கருத்தடை செய்விக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், பதிவு செய்ய வேண்டும். நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1901 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. உங்கள் தெருவில் எத்தனை நாய்களுக்கு அந்தப் பதிவு இருக்கின்றது என்று விசாரித்துப் பாருங்கள். இனவிருத்திக்காரரிடம் பெருந்தொகை கொடுத்து வாங்கிய நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகின்றோம்; அதே வீட்டின் படலையில் பிறந்த ஊர்நாய்க் குட்டியை உரப்பையில் கட்டிக்கொண்டுபோய்க் கடனீரேரி ஓரத்தில் விடுகின்றோம். அந்தக் குட்டி அங்கே எதைத் தின்று வளரும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்பதில்லை.

கூண்டுக் கிளி பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வார இறுதியில் பூநாரை பார்க்க முந்நூறு கிலோமீற்றர் ஓடிவருபவரின் வீட்டு முன்விறாந்தையில், பனம்பொந்திலிருந்து களவெடுத்து விற்கப்பட்ட பச்சைக்கிளி ஒன்று ஒன்றரை அடிக் கம்பிக்கூட்டுக்குள் இருக்குமானால், அவர் பார்க்க வந்தது பறவையை அல்ல, தனது புகைப்படத்துக்கான ஒரு பின்னணியை. அப்படிப்பட்டவர்களே நல்ல படம் வேண்டி, இளைப்பாறி நிற்கும் பூநாரைக் கூட்டத்தின் மீது கல்லெறிந்து பறக்க வைப்பவர்களும். ஒரு பறவை வடக்கே திரும்பிப் போவதற்காகச் சேமித்த கொழுப்பை இவருடைய முகநூல் பக்கத்துக்காக எரிக்க வேண்டியிருக்கின்றது.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாசகர் என்னிடம் ஒன்றைக் கேட்க உரிமையுடையவர்: நீ என்ன செய்தாய்?

சின்னிக்கு மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். இரண்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது; சோம்பலைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. மாலை ஐந்து மணிக்குக் கதவுகள் அடைபட்டன. முதல் பத்து இரவுகளும் அவள் பின்கதவைப் பிறாண்டிப் பிறாண்டிக் கத்தினாள். அயல்வீட்டுக்காரர் என்ன நடக்கின்றது என்று வந்து விசாரித்தார். மனைவி என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். நான் வேலைக்குப் போய்விடுவதால் கத்தலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய தண்டனை அவருக்கே என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மகள் பழைய காலுறையொன்றைக் கயிற்றில் கட்டி இழுத்து விளையாட்டுக் காட்டப் பழகினாள். மூன்றாவது வாரத்தில் கத்தல் நின்றது. இப்போது மாலையானால் அவளே உள்ளே வந்து யன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றாள். முழுப் புனிதராக நாங்கள் மாறிவிட்டதாகவும் சொல்ல மாட்டேன். மார்கழியில் ஒரு காலை மகள் கதவைச் சாத்த மறந்து, சின்னி வெளியேறி, ஒரு ஓணானோடு திரும்பி வந்தாள். ஓணானுக்கும் உயிர்தானே.

என்னுடைய கோரிக்கைகள் பெரியவை அல்ல. பறவை பார்க்கும் கழகங்கள் தமது உறுப்பினர்களிடம் தொலைநோக்கி இருக்கின்றதா என்று கேட்பதோடு, வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்தாயிற்றா என்றும் கேட்கட்டும். பாடசாலைச் சூழல் கழகங்கள் ஜனவரிக் கணக்கெடுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கையில், அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் சொல்லக்கூடிய ஒரு விடயமாக இதனையும் சொல்லிக் கொடுக்கட்டும். உள்ளூராட்சி சபைகள் நடமாடும் கருத்தடை முகாம்களை ஆவணி மாதத்திலேயே, பறவைகள் வருமுன் நடத்தட்டும். சரணாலயங்களின் ஓரங்களில் நாய் கொண்டு உலாவுவோர் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு போகட்டும். இவற்றுக்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை, அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை.

காற்றாலை நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் உரிமையை நான் கைவிடவில்லை. கேட்பதற்கு முன் எனது பின்கதவை அடைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்றே சொல்லுகின்றேன். தன் வளவில் கொலை நடக்க விட்டுவிட்டு மன்னாருக்குப் போய் நீதி கேட்பவனின் குரலில் ஒரு கரகரப்பு இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கேட்டுவிடுவார்.

ஆறுமணிக் குருவிகள் ஏப்ரலில் திரும்பிப் போகும். அடுத்த செப்டெம்பரில் மீண்டும் வரும். தெஹிவளையில் ஒரு மாமரத்தின் கீழ் சருகைக் கூட்டி அள்ளாமல் விட்டு வைத்திருக்கின்றேன். உங்கள் வளவிலும் ஒரு மூலையை அப்படி விட்டு வையுங்கள். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுங்கள்.